598 கேள்விகளில் ஒரு திருச்சபை: மறைக்கல்விச் சுருக்கம், ஒரு மதிப்புரை

கத்தோலிக்கத் திருச்சபையைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளும், ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குச் செல்பவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுதான். பாவத்தை ஏன் ஒரு குருவிடம் போய்ச் சொல்ல வேண்டும், மரியாவைக் கடவுளாக வழிபடுகிறீர்களா, திருத்தந்தை (போப்) தவறே செய்யமாட்டாரா, பெண்கள் ஏன் குருவாக முடியாது, மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்தவருக்கு, திருப்பலியில் வழங்கப்படும் அப்பமாகிய நற்கருணை ஏன் மறுக்கப்படுகிறது என்று அந்த வரிசை நீளும். இவற்றுக்குத் திருச்சபை தன் பெயரிலேயே தரும் விடை எது என்று தேடுபவரிடம் முதலில் கொடுக்கத்தக்க நூல், 2005இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்விச் சுருக்கம். நம்பிக்கை பற்றிய பகுதிகளைத் தாராளமாகக் கொடுக்கலாம். அறநெறிப் பகுதியைக் கொடுக்கும்போது மட்டும் கூடவே இன்னொரு நூலையும் கொடுக்க வேண்டியிருக்கும்.

அந்த இன்னொரு நூல் இதன் மூலநூலேதான். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் அறிவித்த மறைக்கல்வி நூல் 2865 பத்திகள் கொண்டது. மறைவல்லுநர்களுக்கும் ஆயர்களுக்கும் ஏற்றதே தவிர, சாதாரண வாசகர் எடுத்த எடுப்பில் நுழையக்கூடியதன்று. அதைச் சுருக்கித் தரும் பணி 2003இல் கர்தினால் ராட்சிங்கர் தலைமையிலான குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. நூல் வெளிவந்தபோது அவரே 16ஆம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தையாகியிருந்தார். 2005 ஜூன் 28 அன்று நூலை அவரே வெளியிட்டார். நம்பிக்கை அறிக்கை, திருவருட்சாதனங்கள் (திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருள்தரும் சடங்குகள்), கிறிஸ்தவ வாழ்வு, செபம் என்று மூலநூலின் நான்கு பகுதிகளே இங்கும் உள்ளன. ஒவ்வொரு விடையின் ஓரத்திலும் மூலநூலின் பத்தி எண் அச்சிடப்பட்டிருப்பது சிறிய ஏற்பாடுதான் என்றாலும், இந்த நூலைச் சரியாகப் பயன்படுத்துவதற்கான திறவுகோல் அதுவே.

கேள்வி பதில் வடிவம் என்றதும், கேட்பவர் ஒருவரும் விடை தருபவர் இன்னொருவரும் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. இங்கே இரண்டும் ஆசிரியரின் குரலே. மனிதரைக் குறித்துக் கடவுளின் திட்டம் என்ன என்பது முதல் கேள்வி. செபத்தின் இறுதியில் சொல்லப்படும் ஆமென் எதைக் குறிக்கிறது என்பது 598ஆம் கேள்வி. கடவுள் இருக்கிறாரா என்பதையே ஐயுறும் ஒருவர் முதல் பக்கத்திலேயே அந்நியமாக உணரக்கூடும். எல்லாம் வல்ல கடவுள் இருக்கையில் தீமை ஏன் என்ற 57ஆம் கேள்வியில்தான் ஒரு மனிதர் உண்மையாகவே வாய்திறந்து கேட்பதுபோல் இருக்கிறது. அதற்கான விடையும், இது வேதனையும் மறைபொருளும் நிறைந்த கேள்வி என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, கிறிஸ்தவ நம்பிக்கை முழுவதும் சேர்ந்துதான் இதற்கு விடையாக முடியும் என்கிறது. இந்த அடக்கம் நூலில் இன்னும் பல இடங்களில் இருந்திருக்கலாம்.

நூலின் திறமையை ஓரிடத்தில் காண விரும்புபவர் 171ஆம் கேள்வியைப் படிக்கலாம். திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்ற பழைய வாக்கியம், பிற சமயத்தார் அனைவரும் நரகத்திற்குப் போவார்கள் என்று கத்தோலிக்கர் நம்புவதற்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. விடை அந்த வாக்கியத்தைக் கைவிடவுமில்லை, மழுப்பவுமில்லை. மீட்பு முழுவதும் கிறிஸ்துவிடமிருந்து அவருடைய உடலாகிய திருச்சபை வழியாக வருகிறது என்று முதலில் சொல்கிறது. திருச்சபை கிறிஸ்துவால் நிறுவப்பட்டது, மீட்புக்குத் தேவையானது என்று அறிந்திருந்தும் அதில் சேரவோ நிலைத்திருக்கவோ மறுப்பவருக்கே அந்த எச்சரிக்கை என்று அடுத்து வரையறுக்கிறது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்து, நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்று காட்டும் வழியில் அவருடைய விருப்பத்தைச் செய்ய முயல்பவர்கள் நிலைவாழ்வை அடைய முடியும் என்று முடிக்கிறது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தின் போதனையை இவ்வளவு சில வரிகளில் சிதையாமல் தருவது எளிதன்று. மரியாவுக்குச் செலுத்தும் வணக்கம் மூவொரு கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனையிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது என்று கூறும் 198ஆம் விடையும், இறந்தோர் விண்ணகம் சேருமுன் தூய்மை பெறும் உத்தரிக்கிற நிலை பற்றிய 210ஆம் விடையும் அதே தரத்தில் உள்ளன.

திருத்தந்தையின் தவறா வரம் பற்றிய 185ஆம் விடையில் குறை ஒன்றும் பொருளில் இல்லை. எடுத்துக்காட்டு இல்லாததே குறை. விசுவாசம் அல்லது அறநெறி சார்ந்த ஒரு போதனையை இறுதியானதாக அறிவிக்கும்போதுதான் அந்த வரம் செயல்படுகிறது என்று விடை கூறுகிறது. 1870இல் முதல் வத்திக்கான் பொதுச்சங்கம் இதை வரையறுத்த பிறகு, ஒரு திருத்தந்தை தம் அதிகாரத்தால் அப்படி முறைப்படி வரையறுத்தது மரியா உடலோடு விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்ற விண்ணேற்பை மட்டுமே, அதுவும் 1950இல் என்ற ஒரு வரி சேர்ந்திருந்தால், திருத்தந்தை வாய் திறந்தாலே வேதவாக்கு என்ற பரவலான எண்ணம் அங்கேயே கலைந்திருக்கும். போதனைகளின் தரவேறுபாட்டை நூல் பொதுவாகவே வெளிப்படையாகப் பேசுவதில்லை. 333ஆம் விடை, குருத்துவம் திருமுழுக்குப் பெற்ற ஆண்களுக்கே உரியது, இது ஆண்டவரின் தேர்வு, திருச்சபை இதற்குக் கட்டுப்பட்டது என்கிறது. அடுத்த விடை குருக்களின் மணத்துறவைப் பற்றிப் பேசுகையில், கீழைத் திருச்சபைகளில் மணமானவர்களும் குருக்களாவதைக் குறிப்பிடுகிறது. முதலாவது மாற்ற முடியாதது என்று திருச்சபை கருதும் போதனை, இரண்டாவது மாறக்கூடிய ஒழுங்கு என்பதைக் கூர்ந்து படிப்பவர் ஊகித்துக்கொள்வார். மற்றவர்கள் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடுவார்கள்.

அறநெறிப் பகுதிதான் எனக்கு மிகுந்த மனக்குறையைத் தந்தது. கற்புக்கு எதிரான பெரும் பாவங்களைப் பட்டியலிடும் 492ஆம் விடையில், விபசாரம், ஆபாசப் படைப்புகள், பாலியல் வன்கொடுமை ஆகியவற்றோடு ஓரினச்சேர்க்கைச் செயல்களும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. மூலநூலின் 2357ஆம் பத்தியும் அச்செயல்களை ஏற்கவில்லை. ஆனால் அடுத்த பத்தியிலேயே, ஓரின ஈர்ப்புடையவர்களை மதிப்போடும் பரிவோடும் நடத்த வேண்டும், அவர்களுக்கு எதிரான அநீதியான பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று அது வலியுறுத்துகிறது. சுருக்கத்தில் தடை மட்டும் எஞ்சி, பரிவு விடுபட்டுப்போனது. ஒரு தாயோ தந்தையோ தம் பிள்ளையைப் பற்றிய கவலையோடு இந்தப் பக்கத்தைத் திறந்தால், திருச்சபையின் போதனையில் பாதியைத்தான் பெறுவார்கள். எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாது என்பதில் நூல் தடுமாறிய இடம் இது.

காலம் கடந்துபோன விடைகளும் உண்டு. தண்டனைகள் பற்றிய 469ஆம் விடை, மரண தண்டனை இன்றியமையாததாகும் சூழல்கள் இன்று அரிதினும் அரிது என்ற நிலையோடு நிற்கிறது. 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் மூலநூலின் 2267ஆம் பத்தியை மாற்றி, மரண தண்டனை மனித மாண்பைத் தாக்குவதால் ஏற்கத்தக்கதன்று என்று எழுதச் செய்தார். 2005ஆம் ஆண்டுச் சுருக்கத்தை மட்டும் படிப்பவர் இதை அறிய வழியில்லை. மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்தவர்களைப் பற்றிய 349ஆம் விடை, அவர்கள்மீது திருச்சபைக்குள்ள அக்கறையைச் சொல்லிவிட்டு, அந்நிலை நீடிக்கும்வரை பாவமன்னிப்பும் நற்கருணையும் பெற முடியாது என்று திட்டவட்டமாகக் கூறுகிறது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட, குடும்பம் பற்றிய திருத்தூது ஊக்கவுரை ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே தேர்ந்து தெளிய வேண்டும் என்று எழுதியதும், நான்கு கர்தினால்கள் தங்கள் ஐயங்களை எழுத்தில் முன்வைத்ததும் பிந்தைய வரலாறு. இதற்காக 2005ஆம் ஆண்டு நூலைக் குறைசொல்வது நியாயமன்று. நூலின் ஆண்டை மனத்தில் வைத்துப் படிப்பது மட்டும் நல்லது.

திருச்சபை சார்ந்த சர்ச்சைகளுக்கு விடை தேடி வாங்குபவர் வெறுங்கையோடு திரும்புவார். கலிலேயோவும் சமய விசாரணை மன்றங்களும் வத்திக்கானின் நிதி விவகாரங்களும் இந்நூலின் வட்டத்துக்குள் வருவதில்லை. போதனை நூலில் வரலாற்று வழக்குகளை எதிர்பார்க்கக் கூடாது என்ற வாதம் சரியே. ஆயினும் சிறார்மீதான பாலியல் கொடுமைகளையும் அவற்றை மூடி மறைத்த மேலதிகாரிகளையும் பற்றி 2002 முதலே உலகம் பேசிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் வெளிவந்த நூலில், இத்தகைய பாவங்கள் சிறாருக்கு எதிராகச் செய்யப்படும்போது இன்னும் கொடியவை என்ற ஒற்றை வாக்கியம், முன்சொன்ன 492ஆம் விடையின் கடைசியில் கிடக்கிறது. குருக்களின் பாவம் திருச்சபையின் தூய்மையைப் பற்றிய நம்பிக்கையோடு எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர், திருச்சபை தூயது, ஆனால் அதன் உறுப்பினர்கள் பாவிகள் என்று விளக்கும் 165ஆம் விடையிலிருந்து தாமே வழி தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

திருமுழுக்குக்குத் தயாராகும் பெரியவர்கள், மறைக்கல்வி ஆசிரியர்கள், கத்தோலிக்கரை மணக்கவிருக்கும் பிற சமயத்தார் ஆகியோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பின்னிணைப்பிலுள்ள செபங்களும் நம்பிக்கை வாய்பாடுகளும் அவர்களுக்குக் கூடுதல் பயன். விவாத மேடையில் எதிராளியை மடக்க நினைப்பவருக்கு இதில் சரக்கு குறைவு. முழுப் பாடமும் வத்திக்கானின் இணையதளத்தில் பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதால், வாங்கும் முன் 171, 185, 492 ஆகிய மூன்று விடைகளை அங்கே படித்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் உள்ள எண்ணைப் பிடித்து மூலநூலின் பத்தியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.