தடயவியல் அறிக்கை என்று தருவதெல்லாம் சான்று ஆகாது: கணினியை ஒப்படைக்கும் முன் படியுங்கள்

எங்கள் நிறுவனத்திலிருந்து விலகிய ஒருவர், போகும்போது வடிவமைப்புக் கோப்புகளை பென் டிரைவில் எடுத்துப் போய்விட்டார் என்று எங்களுக்கு வலுவான சந்தேகம். வழக்குப் போட முடிவு செய்து, அவர் பயன்படுத்திய லேப்டாப்பை ஒரு தனியார் கணினித் தடயவியல் நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். முழுத் தொகையையும் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள். கெட்டி அட்டை போட்டு, வண்ண வரைபடங்களோடு ஓர் அறிக்கை வந்தது. விசாரணையில் அதன் பெரும்பகுதி நிற்கவில்லை. விவகாரம் இன்னும் முடியாததால் பெயரைச் சொல்லவில்லை. அவர்கள் வேலை பார்த்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் எடுத்தது, கணினியில் நடப்பதை விண்டோஸ் தானே குறித்து வைக்கும் ஈவன்ட் லாக்கை. லேப்டாப் தடயவியல் நிறுவனத்திடம் இருந்த ஒரு நாளில் அது ஆன் செய்யப்பட்டு, உள்ளே ஒருவர் லாகின் செய்தது அதில் பதிவாகியிருந்தது. "இந்த நேரத்தில் இது யார் கையில் இருந்தது?" என்று கேட்டார்கள். எங்கள் தரப்பில் யாரிடமும் பதில் இல்லை. தடயவியல் நிறுவனத்தார் லேப்டாப்பை வழக்கம்போலத் திறந்து, கோப்புறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டியதை இழுத்துப் போட்டு நகலெடுத்திருக்கிறார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. விண்டோஸ் ஆன் ஆனாலே ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புப் பதிவேடு, பேஜ்ஃபைல், பிரீஃபெட்ச், லாக் என்று தன் உள்கோப்புகள் பலவற்றில் புதிதாக எழுதிக்கொண்டே இருக்கும். எஸ்எஸ்டி வகை டிஸ்க் என்றால் இன்னும் மோசம். டிரிம் என்ற வசதி இருப்பதால், அழிக்கப்பட்ட கோப்புகள் இருந்த இடத்தை மின்சாரம் கிடைத்ததும் அது தானே துடைத்துவிடலாம். நாங்கள் மீட்க நினைத்த கோப்புகள் அப்படித்தான் போயினவா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் கருவி வழியாக அதை இணைத்து, பிட் பிட்டாக முழு இமேஜ், அதாவது அச்சு அசலான நகல், எடுத்து, அப்போதே அதன் ஹாஷை (உள்ளே எது மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற குறியீடு) கணக்கிட்டு எழுதி வைத்து, அந்த இமேஜின் நகலில் மட்டும் ஆய்வு செய்வதுதான் முறை. 2012இல் வந்த ஐஎஸ்ஓ/ஐஇசி 27037 என்ற சர்வதேசத் தரநிலை, டிஜிட்டல் சான்றை அடையாளம் காண்பது முதல் பாதுகாப்பது வரை வழி சொல்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை இது.

ஹாஷ் எங்கே என்று கேட்டதும் ஒன்றைக் கொடுத்தார்கள். ஷா-256 முறையில் எடுத்த 64 எழுத்து-எண் வரிசை, பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் எடுத்தது அறிக்கை எழுதிய பிறகு, அதுவும் அவர்கள் நகலெடுத்த கோப்புறைக்கு மட்டும். பெற்றுக்கொண்ட நாளில் டிஸ்க் எப்படி இருந்தது என்பதற்கு அது எந்த வகையிலும் சாட்சி சொல்லாது. லேப்டாப் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று காட்டும் செயின் ஆஃப் கஸ்டடி படிவத்தில் எங்கள் கையெழுத்துக்குக் கீழே எல்லாக் கட்டங்களும் காலி.

பிறகு வந்த வழக்கறிஞர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் அது எந்த வகைச் சான்று என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே வந்தார். எங்களுக்கு அப்போதுதான் விஷயமே பிடிபட்டது. லேப்டாப்பும் அதன் டிஸ்க்கும் பொருட்சான்று. அதிலிருந்து எடுத்த மின்னஞ்சல், லாக், கோப்பு எல்லாம் ஆவணச் சான்று. அதைப் பார்த்தவர் கூண்டில் ஏறிச் சொல்வது வாய்மொழிச் சான்று. காலவரிசைப் படம், வரைபடம் போன்றவை விளக்கச் சான்று. வேறொரு சான்றைப் புரியவைக்கத்தான் அது பயன்படும், தனியாக அதற்கு வலு கிடையாது. சிவப்புப் பேனா அதிகம் எழுதிய சொல் "விளக்கம்"தான். வாட்ஸ்அப் உரையாடல் என்று கொடுத்திருந்ததுகூட ஸ்கிரீன்ஷாட் மட்டுமே. போனில் இருக்கும் டேட்டாபேஸை அவர்கள் தொடவே இல்லை.

வாய்மொழிச் சான்றிலும் அடி விழுந்தது. அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் லேப்டாப்பைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆய்வு செய்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார். ஆக, இவர் சொல்வது இன்னொருவர் செய்ததாகக் கேள்விப்பட்ட செவிவழிச் செய்தி. கணினி தானாக எழுதும் லாக் மனிதர் கூற்று இல்லை என்பதால், செவிவழிச் செய்தியை ஏற்கக்கூடாது என்ற தடை பல நீதிமன்றங்களில் அதற்கு வராது. மனிதர் டைப் செய்த மின்னஞ்சலுக்கும் ஆய்வாளர் எழுதிய குறிப்புக்கும் வரலாம்.

அறிக்கையின் முடிவுரையில் "இவரே கோப்புகளைத் திருடினார்" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்கு இன்றும் கோபம் அடங்காத வரி அது. ரெஜிஸ்ட்ரியில் யூஎஸ்பிஸ்டோர் பகுதி, எந்த பென் டிரைவ் செருகப்பட்டது என்பதை அதன் வரிசை எண்ணோடு காட்டும். அது முதன்முதலில் எப்போது செருகப்பட்டது என்று, சாதனங்கள் நிறுவப்படுவதைக் குறித்து வைக்கும் செட்டப்ஏபிஐ லாக் சொல்லும். செருகிய கை யாருடையது என்று இரண்டுமே சொல்லாது. இது சூழ்நிலைச் சான்று. வருகைப் பதிவு, லாகின் நேரம், கதவு அட்டைப் பதிவு ஆகியவற்றோடு கோத்தால்தான் அது ஓர் ஆளைச் சுட்டும். அதையும் கெடுத்துவிட்டார்கள். விண்டோஸ் டிஸ்க்கின் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ் கோப்பு நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைக்கும், பென் டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபேட் என்ற கோப்பு அமைப்பு உள்ளூர் நேரத்தில் வைக்கும். நேர மண்டலமே குறிப்பிடாமல் இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டதால், அந்த ஊழியர் அலுவலகத்தில் இல்லாத நேரத்தில் நகலெடுத்ததாகக் கணக்கு வந்தது. எதிர்த்தரப்பு அதைச் சத்தமாகப் படித்துக் காட்டியது.

அதே லேப்டாப்பில் வேறொரு பயனர் கணக்கும் செயலில் இருந்தது. அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எதிராளிக்குச் சாதகமான தடயத்தையும் நேர்மையான ஆய்வாளர் எழுத வேண்டும். அதை மறைத்தது தெரிய வந்தபின் மற்ற பக்கங்களையும் யாரும் நம்பவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "அறிக்கை தருவதுதான் ஒப்பந்தம், தந்துவிட்டோம்" என்றார்கள். சாட்சி சொல்ல வருவது ஒப்பந்தத்தில் இல்லை என்பதும் உண்மை.

நீங்கள் யாரிடமாவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால், சாதனத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்பே இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: யார் இமேஜ் எடுப்பார், எந்த ரைட் பிளாக்கரில் எடுப்பார், ஹாஷ் மதிப்பை அன்றே கையெழுத்தோடு உங்களுக்குத் தருவாரா, ஆய்வு செய்பவரே சாட்சி சொல்ல வருவாரா. கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதை அணைக்கும் முன், அணைத்தால் அழிந்துவிடும் தற்காலிக நினைவகமான ரேமில் இருப்பதைப் பிடித்து வைப்பாரா என்றும் கேளுங்கள். சீக்கிரம் மறைவதை முதலில் சேகரிக்க வேண்டும் என்று 2002இலேயே ஆர்எஃப்சி 3227 என்ற இணையத் தொழில்நுட்ப வழிகாட்டி வரிசை போட்டுச் சொல்லிவிட்டது. மழுப்பினால் அப்புறம் பார்க்கலாம் என்று விடாமல் வேறு ஆளைத் தேடுங்கள். அதுவரை சாதனத்தை ஆன் செய்யாமல் உறையில் போட்டு, ஒட்டி, மேலே தேதியோடு கையெழுத்துப் போட்டுப் பூட்டி வையுங்கள்.