எஸ்சிஏ: இன்டர்ஃபேஸ் ஜாவாவிலா, டபிள்யூஎஸ்டிஎல்லிலா? ஜேஏஎக்ஸ்பி-யா, எஸ்டிஓ-வா?

சர்வீஸ்களைக் கூறுகளாகக் கோத்து அப்ளிகேஷன் கட்டும் முறையான சர்வீஸ் காம்பொனென்ட் ஆர்கிடெக்சரின் (எஸ்சிஏ) 1.0 விவரக்குறிப்பு 2007 மார்ச்சில் வந்தது. அதில் ஒரு சர்வீஸின் இன்டர்ஃபேஸை ஜாவாவிலும் எழுதலாம், வெப் சர்வீஸை விவரிக்கும் எக்ஸ்எம்எல் மொழியான டபிள்யூஎஸ்டிஎல்லிலும் எழுதலாம். எதில் எழுதினாலும், எஸ்சிஏ-வை இயக்கும் ரன்டைமான அப்பாச்சி டஸ்கனி அதை ஒரே மாடலாக மாற்றிக்கொள்ளும்: ஆபரேஷன்கள், ஒவ்வொன்றுக்கும் இன்புட், அவுட்புட், ஃபால்ட் (பிழை) வகைகள். ஒவ்வொரு வகையோடும் ஜாவா கிளாஸ், எக்ஸ்எம்எல் பெயர், டேட்டா பைண்டிங் (தரவை ஆப்ஜெக்ட்டாகவும் எக்ஸ்எம்எல்லாகவும் மாற்றும் முறை) என்று மூன்று தகவல்கள் ஒட்டியிருக்கும். அதனால் இன்டர்ஃபேஸையும் பைண்டிங்கையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

ஒரே ஜேவிஎம்முக்குள் பேசும் கூறுகளுக்கு ஜாவா போதும். இன்டர்ஃபேஸில் @ரிமோட்டபிள் (வெளியிலிருந்தும் அழைக்கலாம் என்ற குறி) போடாவிட்டால் அது லோக்கல். ஆப்ஜெக்ட்டின் ரெஃபரன்ஸே போகும். போட்டால் மதிப்பாக, அதாவது நகலாகப் போகும், மெத்தட் ஓவர்லோடிங்கும் கூடாது. லோக்கலாக இருந்ததை ரிமோட்டபிள் ஆக்கிய மறுநாள் "சர்வீஸ் மாற்றிய மதிப்பு எனக்குத் தெரியவில்லை" என்று புகார் வந்தால் காரணம் இந்த நகல்தான்.

வெளியே போகும் சர்வீஸுக்கு டபிள்யூஎஸ்டிஎல்லையே முதலில் எழுதுங்கள். ஜாவாவிலிருந்து உருவாக்கினால், @வெப்பாரம் போட்டுப் பெயர் தராதவரை பாராமீட்டர்கள் ஆர்க்0, ஆர்க்1 என்றே வெளிவரும். (எண், நகரம்) என்ற மெத்தட்டை (எண், மாநிலம், நகரம்) ஆக்கிப் பாருங்கள். பழைய கிளையண்ட் ஆர்க்1-இல் அனுப்பும் நகரம், மாநிலமாக ஏறிவிடும். இரண்டுமே ஸ்ட்ரிங் என்பதால் பிழை எதுவும் எழாது. நகரம் மட்டும் நல் (null, வெற்று) ஆகிவிடும். டபிள்யூஎஸ்டிஎல்லிலும் ஒரு கண்ணி உண்டு. எல்லாப் பாராமீட்டர்களையும் பொதியும் ராப்பர் எலிமெண்டின் பெயர் ஆபரேஷன் பெயரோடு பொருந்தாவிட்டாலோ, அதில் ஒரு ஆட்ரிபியூட் இருந்தாலோ ராப்பிங் கழலாது. பல பாராமீட்டர்களை எதிர்பார்த்த இடத்தில் ஒரே பெரிய ஆப்ஜெக்ட் வந்து நிற்கும்.

டேட்டா பைண்டிங்கில் என் முதல் தேர்வு, ஜாவா கிளாஸ்களை எக்ஸ்எம்எல்லோடு இணைக்கும் ஜேஏஎக்ஸ்பி (JAXB). வகைகளைக் கம்பைலரே சரிபார்க்கும். ஆனால் பாராமீட்டரில் வெறும் ஜாவா இன்டர்ஃபேஸ் வகையைக் கொடுத்தால் கான்டெக்ஸ்ட் உருவாகும்போதே தடுக்கி விழும். ஜேஏஎக்ஸ்பிகான்டெக்ஸ்டை ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திரெட்கள் பகிரலாம், ஆப்ஜெக்ட்டை எக்ஸ்எம்எல்லாக எழுதும் மார்ஷலரைப் பகிரக் கூடாது. ஜாவா 11-இலிருந்து ஜேடிகேவில் ஜேஏஎக்ஸ்பி இல்லை, ஜாரைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஸ்கீமா ரன்டைமில்தான் தெரியவரும் என்றாலோ, என்ன மாறியது என்ற பட்டியலே திரும்ப வேண்டும் என்றாலோ எஸ்டிஓ-வின் (சர்வீஸ் டேட்டா ஆப்ஜெக்ட்ஸ், தரவைப் பொதுவான ஆப்ஜெக்ட்டாகக் கையாளும் முறை) டைனமிக் டேட்டாஆப்ஜெக்ட்டும் சேஞ்ச்சம்மரியும் கைகொடுக்கும்.

கிளையண்ட் ஜேஏஎக்ஸ்பி, சர்வீஸ் எஸ்டிஓ என்றாலும் டஸ்கனி ஓடும். ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு எடை போட்டு, மொத்த எடை குறைந்த பாதையை எடுக்கும். நேர்வழி இல்லையென்றால் எக்ஸ்எம்எல் ஸ்ட்ரீம் ரீடர் போன்ற இடைநிலை வடிவம் வழியாகச் சுற்றிவரும். ஒவ்வொரு அழைப்பிலும், போகவும் வரவும் இந்தச் செலவு விழும். ஒரு காம்போசிட்டுக்குள் (கூறுகளின் தொகுப்பு) ஒரே பைண்டிங்கை வைத்துக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

டெஸ்ட்டில் பெரும்பாலும் விட்டுப்போவது ஃபால்ட். ஆபரேஷனில் அறிவிக்காத எக்ஸெப்ஷன் கிளையண்ட்டில் சர்வீஸ்ரன்டைம்எக்ஸெப்ஷனாகத்தான் தெரியும். வகையோடு போய்ச் சேர வேண்டிய பிழைகளை டபிள்யூஎஸ்டிஎல்லில் ஃபால்ட்டாகவே எழுதி, ஒவ்வொன்றையும் ஒருமுறையாவது வேண்டுமென்றே எறிந்து பாருங்கள்.