ஸ்கைலைனா, ப்ளூ ரிட்ஜா? இலை நிறம் பார்க்க எந்த மலைச்சாலை

வாஷிங்டன் டி.சி. பக்கம் குடியிருப்பவர்களுக்கு அக்டோபர் பிறந்தால், இலையுதிர் கால நிறம் பார்க்க எந்த மலைச்சாலைக்குப் போவது என்ற கேள்வி தவறாமல் வரும். இரண்டு வருடம் நாங்கள் ஸ்கைலைன் டிரைவ் போனோம். போன வருடம் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே. அதிலிருந்து நான் பார்க்வே கட்சி.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்கைலைன் வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்குள் 105 மைல். வண்டிக்கு 30 டாலர் கட்டினால் 7 நாள் செல்லும். வேகம் 35 மைல்தான். அது தெற்கே முடிகிற ராக்ஃபிஷ் கேப் கணவாயிலேயே பார்க்வே தொடங்கி, வட கரோலினாவின் செரோக்கீ வரை 469 மைல் போகிறது. கட்டணம் கிடையாது, பெரும்பாலும் 45 மைல் வேகம். இரண்டிலும் லாரித் தொல்லை இல்லை. வண்டியை ஓரங்கட்டி வேடிக்கை பார்க்க இடமும் இரண்டிலும் தாராளம்.

என்னைக் கட்சி மாற வைத்தது உயரம். இலை நிறம் மாறுவது உச்சியில் தொடங்கி நாளுக்கு நாள் கீழே இறங்கும். ஸ்கைலைன் அதன் வடமுனையான ஃப்ரண்ட் ராயல் ஊரில் தாழ்வாகத்தான் புறப்படுகிறது. ஆனால் சில மைல்களிலேயே முகட்டில் ஏறிவிடும். அப்புறம் ஏறக்குறைய 2,000 அடிக்கும் 3,680 அடிக்கும் நடுவிலேயே ஓட்டம். முதல் வருடம் நவம்பர் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தோம். முகடு முழுக்க மொட்டை மரங்கள். கீழே பள்ளத்தாக்கு தகதகவென்று மின்னியது, சாலைதான் அங்கே இறங்கவில்லை.

பார்க்வேயோ 63-ஆம் மைல் கல்லைத் தாண்டியதும் ஜேம்ஸ் ஆற்றங்கரைக்கு, வெறும் 649 அடிக்கு இறங்கிவிடுகிறது. மொத்தச் சாலையிலும் தாழ்வான இடம் அதுதான். அங்கிருந்து தெற்கே சுமார் 13 மைலில் ஆப்பிள் ஆர்ச்சர்ட் மலை, 3,950 அடி. வர்ஜீனியாப் பகுதியில் அதற்கு மேல் சாலை ஏறுவதில்லை. ஆக, அரை மணி நேரத்துக்குள் 3,300 அடி ஏற்றம்! நாங்கள் போன அன்று ஆற்றங்கரை இன்னும் பச்சையாக இருந்தது. நடுவில் துலிப் பாப்லரும் ஹிக்கரியும் மஞ்சள், இடையிடையே மேப்பிள் சிவப்பு. உச்சியில் மற்றதெல்லாம் உதிர்ந்து, ஓக் மட்டும் பழுப்பு இலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

இதை இவ்வளவு இழுத்துச் சொல்லக் காரணம் உண்டு. லீவும் அறையும் மாதக்கணக்கில் முன்கூட்டியே போட்டாக வேண்டும். இலைக்கு அந்தக் கணக்கு தெரியாது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் சிவப்பு தூக்கும். ஒரே ஒரு காற்று மழை வந்தால் எல்லாம் தரையில். தேதி ஒரு வாரம் பிசகினாலும், உயர வித்தியாசம் இருக்கிற சாலையில் நிறம் எங்கோ ஓரிடத்தில் கிடைத்துவிடும்.

பார்க்வேயிலும் இடைஞ்சல் உண்டு. சாலையில் பெட்ரோல் பங்க்கே கிடையாது, கீழே ஊருக்கு இறங்கித்தான் போட வேண்டும். ஜேம்ஸ் ஆறு எங்கள் வீட்டிலிருந்து மூன்றரை மணி நேரம், இரவு தங்காமல் சரிப்படாது. காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும், குழந்தைகளும் கூட வருகிறார்கள் என்றால் ஸ்கைலைனே சரி. அங்கே ஸ்டோனி மேன் உச்சிக்குப் போய்வர 1.6 மைல்தான், அம்மாகூட மெல்ல ஏறிவிட்டார். பார்க்வேயில் ஹம்ப்பேக் ராக்ஸ் பாறைக்கு ஏற ஒரு மைல்தான் என்றாலும் செங்குத்து. அம்மா காரிலேயே இருந்துவிட்டார்.

வட கரோலினாப் பகுதியை நான் ஓட்டியதில்லை. சாலை அங்கே 6,053 அடி வரை ஏறுகிறது, ஆகவே நிறம் இன்னும் முன்னதாகத் தொடங்கும் என்பது என் ஊகம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அந்தப் பக்கம் சாலையைப் பல இடங்களில் அரித்துவிட்டது. கிளம்புமுன் எந்தெந்தப் பகுதி மூடியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.