தினமும் ‘எல்லாம் சரி’ என்று வந்த சேர்வர் ரிப்போர்ட் முழுப் பொய்: திருகோணமலைக்காரர்கள் கவனம்

சொந்தமாக ஒரு சேர்வர் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். உப்புவெளிப் பக்கம் எங்களுக்கு மீன் வாடி. போட்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய காசு, அவர்கள் எடுத்த முற்பணம், ஐஸ் கடன் எல்லாமே டெபியன் லினக்ஸ் இயங்குதளம் போட்ட ஒரு சேர்வரில் இருந்தன. பராமரிப்புக்கு வருடக் காசை முன்கூட்டியே வாங்கிய ஆள், காலை 6 மணிக்கு நிலவர ரிப்போர்ட் தானாக ஈமெயிலில் வரும் என்றார். வந்தது, ஒருநாளும் தவறவில்லை. டிஸ்க் 41 சதவீதம், டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு அமைப்பில் இரண்டு டிஸ்க்கும் நலம். சேர்வர் செத்த அன்று காலையிலும் அதே ‘எல்லாம் சரி’தான்.

பழைய மெயில்களை வரிசையாகத் திறந்து பார்த்தது எங்கள் கணக்குப் பார்க்கும் அக்காதான். எல்லாவற்றிலும் ‘சேர்வர் ஓடத் தொடங்கி 12 நாள்’ என்றே இருக்கிறது. இடையில் எத்தனை தடவை கரண்ட் போய் மெஷின் நின்று எழும்பியது!

ரெய்டு 1 என்றால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு இருக்க வேண்டும். ஆனால் ஒன்று ஏப்ரலிலேயே ரெய்டிலிருந்து கழன்றுவிட்டது, அதில் உள்ள கணக்கு அந்த மாதத்தோடு நிற்கிறது. அதைத் திறந்து, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரோன் ஓட்டிய ஸ்கிரிப்டை (கட்டளைகள் எழுதிய ஃபைலை) பார்த்தோம், இரண்டே வரி: இன்றைய தேதியைப் போடு, முதல் நாள் எழுதி வைத்த டெக்ஸ்ட் ஃபைலை அப்படியே அனுப்பு. டிஸ்க் இடத்தைப் பார்க்கும் டிஎஃப் இல்லை, டிஸ்க்கின் நலத்தைப் பார்க்கும் ஸ்மார்ட்சிடிஎல் இல்லை, ரெய்டைப் பார்க்கிற வேலையே இல்லை. கேட்டதற்கு, “அண்ணை, அது சாம்பிள், பிறகு மாத்த இருந்தனான்” என்றார். காசைத் திருப்பிக் கேட்டதிலிருந்து போன் எடுக்கவே இல்லை.

ஏப்ரலுக்குப் பிந்திய கணக்கை இப்போது பில் புத்தகங்களிலிருந்து திரும்ப எழுதுகிறோம். கடலுக்குப் போய்விட்டு வந்து காசுக்கு நிற்கிற ஆட்களிடம் இதை எப்படிச் சொல்வது?

உங்களுக்கும் இப்படி யாராவது செய்து தந்திருந்தால் இன்றைக்கே ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) நுழைந்து க்ரோன் ஓட்டும் வேலைகள் இருக்கும் க்ரோன்டாப் பட்டியலையும் ஈடிசி (/etc) ஃபோல்டருக்குள் இருக்கும் க்ரோன்.டி ஃபோல்டரையும் பாருங்கள், என்ன ஸ்கிரிப்ட் ஓடுகிறதோ அதைத் திறந்து வாசியுங்கள். அது விளங்காவிட்டாலும் பரவாயில்லை. இடம் தாராளமாக இருந்தால் ஃபாலோகேட் கட்டளையால் பெரிய ஃபைல் ஒன்றை உருவாக்கி வையுங்கள், அடுத்த நாள் ரிப்போர்ட்டில் டிஸ்க் சதவீதம் ஏற வேண்டும், ஏறாவிட்டால் அது பொய். ரெய்டைக் கவனிக்கும் எம்டிஏடிஎம் (mdadm) என்ற மென்பொருளுக்கு ஒரு ஈமெயில் முகவரி கொடுத்துவிட்டால், மெஷினிலிருந்து மெயில் வெளியே போகிறவரை டிஸ்க் கழன்றதை அதுவே அறிவிக்கும், அதற்குத் தனியாகக் காசும் இல்லை.

இதே ஆள் ஊரில் வேறு கடைகளுக்கும் செய்து கொடுத்திருப்பதாகக் கேள்வி. உங்களுக்கு வருகிற மெயிலிலும் அந்த 12 நாள் மாறாமல் இருந்தால், முதலில் தரவை வெளி டிஸ்க் ஒன்றில் கொப்பி எடுங்கள், அப்புறம் அவரைக் கூப்பிடுங்கள்.