வந்தவர்களை எண்ணுவதா, அவர்கள் போன வழியைப் பார்ப்பதா?

தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது ஒரு கேள்வி. கணக்குத் தொடங்கியவர்கள் அடுத்த வாரமும் திரும்பி வந்தார்களா என்பது முற்றிலும் வேறு கேள்வி. எது நம் கேள்வி என்று முடிவு செய்யாமல், இதையெல்லாம் அளந்து சொல்லும் பகுப்பாய்வுக் கருவி தேடினால் அலைச்சல்தான் மிச்சம்.

முதல் கேள்விக்குப் பலரும் எடுப்பது கூகுள் அனலிட்டிக்ஸ் 4. தேடல் வழியாக வந்தார்களா, விளம்பரத்தைச் சொடுக்கி வந்தார்களா என்று பிரித்துக் காட்டுவதில், அதிலும் கூகுள் விளம்பரங்களோடு இணைத்துப் பார்ப்பதில், இது கெட்டிக்காரக் கருவி. ஒன்றை மட்டும் முதல் நாளே மாற்றிவிடுங்கள்: இலவசப் பதிப்பில், பயனர் அளவிலான தரவை வைத்திருக்கும் காலம் 2 மாதம் என்றே அமைந்திருக்கும். அதை 14 மாதமாக உயர்த்தலாம். தாமதித்தால், அழிந்த தரவு திரும்பாது.

பிளாசிபிள் என்ற கருவி இதற்கு நேரெதிர். குக்கி (பார்வையாளரை நினைவில் வைக்க அவரது உலாவியில் தளம் விட்டுவைக்கும் சிறு கோப்பு) கிடையாது, ஒரே பக்கத்தில் எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் பார்வையாளரை அடையாளம் காணும் குறியீட்டைத் தினமும் மாற்றிவிடுகிறது. இன்று வந்தவரே நாளை வந்தால் புது ஆள்தான். தனியுரிமைக்காகத் தெரிந்தே கொடுத்த விலை இது. எனக்குப் பிடித்த முடிவும்கூட. கட்டுரைகள் வெளியிடும் தளத்துக்கு இது போதும், செயலிக்குப் போதாது.

செயலி என்றால் மிக்ஸ்பேனல், ஆம்ப்ளிட்யூட் பக்கம் போக வேண்டும். பதிவு செய்தவர் எந்தப் படியில் நழுவினார், முதல் வாரத்தில் ஒரு வசதியைத் தொட்டவர்கள் தொடாதவர்களைவிட அதிகம் தங்கினார்களா என்பதையெல்லாம் சில சொடுக்குகளில் கேட்கலாம். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஈவென்ட்களுக்கு, அதாவது பதிவாகும் ஒவ்வொரு பயனர் செயலுக்கும், பெயர் வைப்பதில்தான் வேலையே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஒரு பெயர், வலையில் வேறு பெயர் என்று அனுப்பினால், ஒரே செயல் இரண்டாக உடைந்து அறிக்கை முழுக்கப் பொய்யாகிவிடும். இப்படி நாமே பெயரிட்டு அனுப்பும் எந்தக் கருவி வாங்கினாலும் இதற்கு ஒரு பெயர்ப்பட்டியல் எழுதி வைத்தே ஆக வேண்டும்.

பட்டியல் எழுத ஆள் இல்லாத சிறு குழுவுக்கு நான் போஸ்ட்ஹாக்கைச் சொல்வேன். சொடுக்குகளைத் தானாகவே பதிந்துகொள்ளும்; பயனர் திரையில் செய்ததைத் திரும்ப ஓட்டியும் பார்க்கலாம். திரைப்பதிவும் ஹீட்மேப்பும் (பக்கத்தில் எங்கே அதிகம் சொடுக்கினார்கள் என்று நிறத்தில் காட்டும் படம்) மட்டும் போதுமென்றால் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி இலவசம். தரவு சொந்த சர்வரைவிட்டு வெளியே போகக்கூடாது என்றால் மாடோமோ, பராமரிப்பும் நம் தலையில்தான்.

அப்புறம், இரண்டு கருவிகளைச் சேர்த்து ஓட்டினால் எண்கள் ஒத்துப்போகாது. விளம்பரத் தடுப்பான்கள் ஒன்றை மறிக்கும், மற்றொன்றை விட்டுவிடும். குக்கிக்குச் சம்மதிக்காதவர்களையும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கணக்கில் கொள்ளும். அப்போது நம் தரவுத்தளத்தில் பதிவான ஆர்டர்களை எண்ணி, எந்தக் கருவி எவ்வளவு தவறவிடுகிறது என்று பாருங்கள்.