குடியாத்தம் மாடியில் ஷைமா ஹாலின் 'ஹிட்டன் கேர்ள்'

என் வீட்டு மாடியில் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகள் பதினாலு பேருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். கோடை விடுமுறையில் இலக்கணத்தை ஓரங்கட்டிவிட்டு இந்தப் புத்தகத்தை எடுத்தோம். நாளுக்கு ஐந்தாறு பக்கம். நான் வாசிப்பேன், நடுநடுவே தமிழில் சொல்வேன்.

ஷைமா எகிப்துக்காரி; இது அவளுடைய சொந்தக் கதை. அக்கா வேலை பார்த்த பணக்கார வீட்டில் திருடிவிட்டாள் என்று சொல்லி, அதற்கு ஈடாக எட்டு வயதில் இவளை அங்கே விட்டுவிடுகிறார்கள். அந்தக் குடும்பம் அமெரிக்கா போனபோது பத்து வயதில் இவளையும் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள். படுக்கை கார் ஷெட்டில். தன் துணியை அவர்கள் துணியோடு மெஷினில் போடக்கூடாது, வெளியே வாளியில் அலசிக்கொள்ள வேண்டும். 2002-ல் யாரோ பேர் சொல்லாமல் போன் செய்ததில்தான் அதிகாரிகள் வந்து மீட்டார்கள். புத்தகம் வந்தது 2014-ல்.

ஆங்கிலம் எளிது, முக்கால்வாசிக்கு அகராதியே வேண்டாம். எனக்குப் பிடித்தது, நம்மை அழவைக்க மெனக்கெடாதது. அந்த வாளி ஒன்றே போதும். "மெஷின்ல போட்டா தேஞ்சிடுமா மிஸ்?" என்று ஒருத்தி கோபமாகக் கேட்டாள். மீட்ட பிறகு ஊரிலிருக்கும் அப்பாவோடு போனில் பேசவைக்கிறார்கள்; அவர் இவளையே திட்டுகிறார். அந்தப் பக்கத்தில் மாடியில் சத்தமே இல்லை.

குறை பிற்பாதியில். வளர்ப்புக் குடும்பங்கள், வேலை என்று இழுக்கிறது. பிள்ளைகள் கொட்டாவி விட்டதும் கதையாகச் சொல்லி முடித்துவிட்டேன்.

மெண்டே நாசரின் 'ஸ்லேவ்' புத்தகமும் வாங்கியிருந்தேன். சூடானில் நூபா மலைக் கிராமத்திலிருந்து தூக்கிச் செல்லப்பட்ட பெண்ணின் கதை. நல்ல புத்தகம்தான். ஆனால் அதில் வரும் சில கொடுமைகளைப் பதினாலு வயதுப் பிள்ளைகள் முன்னால் உரக்க வாசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அலமாரியிலேயே இருக்கிறது.

அப்புறம், நான் செய்த தப்பு. புத்தகத்தை நம் ஊரோடு சேர்த்துப் பேசலாம் என்று, "யார் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள்?" என்று நேரடியாகக் கேட்டுவிட்டேன். குடியாத்தத்தில் கேட்கிற கேள்வியா அது? ஒரு கைகூட எழவில்லை. முன்வரிசைப் பெண் விரல்களைத் தாவணிக்குள் இழுத்துக்கொண்டாள். மறுநாள் என் கதையைச் சொன்னேன்: லீவில் அம்மா சுற்றும் பீடிக்கு நுனி மடக்கியது, ஆயிரம் எண்ணிக்கை முடியாமல் விளையாடப் போகமுடியாதது. உடனே ஒன்பது கை.

"அம்மாவுக்கு உதவினா அடிமையா மிஸ்?" என்று ஒருவன் மடக்கினான். சரியான கேள்வி. அது வேறு, முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையை பீடி ஏஜெண்டிடம் வேலைக்கு விடுவது வேறு என்றேன். என் வயதுக்காரர்களுக்குத் தெரியும், கடன் தீரும்வரை அந்தப் பிள்ளை அங்கேதான். ஷைமா வீட்டுத் திருட்டுக் கணக்கும் அதே மாதிரிதான். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அப்படிப்பட்ட கடன் செல்லாது, திருப்பிக் கொடுக்கவே வேண்டாம் என்று சொன்னேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "அப்போ எங்க தாத்தா செங்கச் சூளையில கடனைக் கட்டி முடிச்சாரே, அந்தக் காசு?" என்றான்.

அன்றைக்குப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.