புது டேப்: புள்ளி தெரிகிறது, சார்ஜ்தான் ஏறமாட்டேன் என்கிறது

சிவகாசியில் வீட்டிலிருந்தபடியே புரூப் பார்க்கிறேன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிறேன். காலண்டர் தாள், பள்ளிக்கூட கைடு, கல்யாணப் பத்திரிகை, எப்போதாவது ஒரு கவிதைப் புத்தகம், எது வந்தாலும் பார்ப்பேன். முன்பெல்லாம் அச்சகத்துப் பையன் சைக்கிளில் தாளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுநாள் வாங்கிப் போவான், இப்போது எல்லாம் வாட்ஸப்பில் பிடிஎஃப்பாக வந்து விழுகிறது. தையல்காரருக்குக் கத்தரி எப்படியோ எனக்கு டேப் அப்படி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேம் எப்படி ஓடும், போட்டோ எப்படி வரும் என்று பார்க்க வந்தவர்களுக்கு இங்கே ஒன்றும் இல்லை.

பழையது 2020இல் ஊரடங்கு சமயத்தில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக அவசர அவசரமாக வாங்கியது. 10.1 அங்குலம், 2 ஜிபி ராம், 32 ஜிபி இடம். பள்ளிக்கூடம் திறந்ததும் அது என் கைக்கு வந்தது. நல்ல உழைப்பாளி, குறை சொல்ல மாட்டேன், ஆனால் கடைசி ஒரு வருஷம் பெரிய ஃபைலைத் தொட்டுவிட்டு அடுப்பில் பாலை வைக்கப் போனால் பால் பொங்கி வழிந்திருக்கும், ஃபைல் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மாற்றியதற்குக் காரணம் வேறு.

தினசரி காலண்டர் வேலை எப்படி என்றால், ஆடிப் பதினெட்டுக்குப் புது ஆல்பம் வெளியிடுவார்கள், அதற்கு முன்பே அடுத்த வருஷத்துத் தாள்கள் தயாராக வேண்டும். திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சந்திராஷ்டமம் என்று ஒரு தாளில் அத்தனையும் பொடி எழுத்தில் இருக்கும், அந்த மாதிரி 365 தாள். ராகு காலம் கிழமைக்கு ஒன்றுதான், மாறாது. திங்கள் என்றால் 7.30 முதல் 9, வியாழன் என்றால் 1.30 முதல் 3. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதுதான் வினையாகப் போனது. ஒரு திங்கட்கிழமைத் தாளில் 1.30 – 9.00 என்று அடித்திருந்தார்கள். பழைய டேப்பில் அந்த மெல்லிய எழுத்துருவில் ஒன்றும் ஏழும் ஒரே குச்சியாகத்தான் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்திருக்கலாம், ஆனால் திங்கள் என்றதும் மனசு தானாகவே ஏழரை என்று படித்துவிட்டது. பிளேட் போடுவதற்கு முன் அச்சகத்தில் இன்னொருவர் கண்ணில் பட்டதால் தப்பித்தேன். பாதித் தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. மீதிப் பாதிக்காக மே மாதக் கடைசியில் 21,999 ரூபாய் எடுத்து வைத்தேன். அதில் 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் 3,355 ரூபாய் சொச்சம் என்று பில்லைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். இந்த விலையில் வருகிற நாலைந்து டேப்பும் கிட்டத்தட்ட ஒரே ஜாடைதான். 11 அங்குலம், 1920 × 1200 பிக்சல் (திரையின் ஒளிப்புள்ளி), 8 ஜிபி ராம், 128 ஜிபி இடம், சாதாரண எல்சிடி திரை. நான்கு மாதம் தினமும் ஐந்தாறு மணி நேரம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்.

முதலில் திரை, அதைத்தானே வாங்கினேன். பழையதில் ஓர் அங்குலத்துக்கு 149 பிக்சல், இதில் 206. கடைக்காரரிடம் சொன்னால் இதெல்லாம் ஒரு வித்தியாசமா, அமோலெட் திரை எடுங்க அக்கா என்கிறார். தமிழ் புரூப் பார்க்கிறவர்களைக் கேட்டால் தெரியும். நம் எழுத்தில் பாதிப் பிழை மெய்யெழுத்தின் தலையில்தான் இருக்கும். கல்யாணம் என்பது 'கலயாணம்' ஆகிவிட்டால் பத்திரிகை ஆயிரம் பிரதியும் குப்பைக்குத்தான். அந்தப் புள்ளி பழைய திரையில் மேலே இருக்கிற வரியின் காலோடு ஒட்டிக்கொண்டு ஏதோ அழுக்கு மாதிரி தெரியும், விரலால் துடைத்துப் பார்த்த நாளெல்லாம் உண்டு. இதில் தனியாக, உருண்டையாக நிற்கிறது.

இன்னொன்று, இது டைப் அடிப்பவர்களின் பழைய வியாதி. 'ர்' வரவேண்டிய இடத்தில் துணைக்காலைத் தட்டி அதன் தலையில் புள்ளியை வைத்துவிடுவார்கள். அப்படி அடித்த 'அவர்' என்பதில் கடைசி எழுத்து ரகரமே இல்லை, வெறும் கால். மங்கலான திரையில் இரண்டும் ஒன்றுதான், அச்சில் பார்த்தால் ரகரத்தின் அடியில் அந்தச் சின்னச் சாய்கோடு இருக்காது. புது டேப்பில் முதல் வாரமே ஒரு கைடில் இப்படி நாற்பதுக்கு மேல் பிடித்தேன். போன வருஷம் பார்த்துக் கொடுத்த புத்தகங்களில் எத்தனை போயிருக்குமோ, நினைக்கப் பயமாக இருக்கிறது, அவர்களும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அளவு பற்றி ஒரு விஷயம், யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த 11 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்தது. நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 14.8 செ.மீ., உயரம் 23.7 செ.மீ. வரும். டெமி அளவுப் புத்தகப் பக்கம் 14க்கு 21.5, ஆக அது அசலைவிட ஒரு நூல் பெரிதாகவே நிரம்பி நிற்கிறது, படிக்க அவ்வளவு சுகம், கையில் புத்தகம் வைத்திருக்கிற மாதிரியே இருக்கிறது. ஏ4 தாள் வந்தால்தான் சிக்கல். 21 செ.மீ. அகலத்தை இதற்குள் நுழைத்தால் எழுபது சதவீதமாகச் சுருங்கும், 12 பாயிண்ட் எழுத்து எட்டரைப் பாயிண்டாகத் தெரியும். நாற்பத்தாறு வயசுக் கண்ணுக்கு அது போதாது. அதனால் ஏ4 வந்தால் படுக்கைவாக்கில் திருப்பிப் பாதிப் பாதியாகத்தான் பார்க்கிறேன். உங்களுக்கு வருவதெல்லாம் ஏ4 தான் என்றால் 12 அங்குலத்துக்கு மேல் பாருங்கள், இதை வாங்கிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

நிறத்தை இதில் பார்த்து முடிவு செய்யவே கூடாது. அச்சு நாலு மையில் ஓடுகிறது, திரை மூன்று வெளிச்சத்தில். ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு இதில் தக்காளி மாதிரி மினுங்கும், தாளில் செங்கல் மாதிரி வரும். அது மெஷின்காரர் பாடு.

வேகம் நன்றாக இருக்கிறது. பால் பொங்குவதில்லை. 90 ஹெர்ட்ஸ் என்று பெட்டியிலேயே பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், அதாவது திரை ஒரு வினாடிக்கு 90 தடவை புதுப்பிக்கும், பக்கத்தைத் தள்ளும்போது எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. நான் ஒரு பக்கத்தில் பத்து நிமிஷம் நிற்கிறவள், எனக்கெதற்கு என்று 60க்கு மாற்றிவைத்துவிட்டேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட்டை நிறுத்துகிற நாளில் காலையிலிருந்து சாயங்காலம் வரை தாங்கியது, கடைசியில் 22 சதவீதம் மிச்சம்.

அப்புறம் அந்த பேட்டரியில் திரும்ப ஏற்ற வேண்டுமே, அங்கேதான் என் வயிற்றெரிச்சல். டேப் 45 வாட் வரை ஏற்கும் என்று விளம்பரம். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது 15 வாட் சார்ஜர். பந்தியில் இலை போட்டு உட்காரவைத்துவிட்டு ஸ்பூனில் சோறு போடுகிற கதை. காலியிலிருந்து நிரம்ப மூன்று மணி நேரம். வீட்டுக்காரர் போனுக்கு 67 வாட் சார்ஜர் இருக்கிறதே என்று அதைச் செருகினேன், அதிலும் ஆமைதான். விசாரித்தால், ஒவ்வொரு போன் கம்பெனியும் வேகமாக ஏற்றுவதற்குத் தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறது, டேப் கேட்பது பிடி (பவர் டெலிவரி) என்கிற பொது முறை, ஓட்டை ஒன்றாக இருப்பதால் பேச்சு ஒன்றாகிவிடாது. கடைசியில் பிடி சார்ஜர் தனியாக 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். அதையும் சேர்த்தே விலையைக் கணக்குப் போடுங்கள்.

கவருக்கு 900. கவர் இல்லாமல் டேப் அரைக்கிலோ, கவரோடு முக்கால் கிலோ. சமையலறைத் தராசில் வைத்தே பார்த்தேன். மேஜையில் வைத்து வேலை பார்த்தால் தெரியாது, படுத்துக்கொண்டு படிக்கலாம் என்று நினைத்து ஒருநாள் தூக்கம் வந்து மூக்கில் விழுந்தது.

ஹெட்போன் ஓட்டை கிடையாது. பழையதில் இருந்தது. டைப்-சி ஓட்டையில் இன்னொரு குட்டி ஒயரைச் செருகி அதில் ஹெட்போனைச் செருக வேண்டும், அப்படிச் செய்தால் சார்ஜ் போட முடியாது. இந்த அகலத்துக்கு உள்ளே ஒரு ஓட்டைக்கு இடமில்லை என்றால் யார் நம்புவது? ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை பார்க்கிற பழக்கம் எனக்கு. ப்ளூடூத் வாங்கு என்கிறாள் மகள். அதற்கும் ஒரு சார்ஜா?

பேனா கூடவே வந்தது, அது சந்தோஷம். உள்ளங்கையைத் திரையில் ஊன்றி எழுதினாலும் குழம்பவில்லை, பழையதில் ரப்பர் முனைக் குச்சியை வைத்துக்கொண்டு கையை அந்தரத்தில் தூக்கித் தோள்பட்டை போனது. ஆனால் கண்ணாடியில் பேனா டக்கு டக்கு என்று சத்தம் போடுகிறது, ராத்திரி அத்தை எழுந்து வந்து யாரு கதவைத் தட்டுறாங்க என்று கேட்டுவிட்டார்கள். காகிதம் மாதிரி சொரசொரப்பான ஒரு ஒட்டுத்தாள் வாங்கி ஒட்டினேன். சத்தம் போனது, கூடவே தெளிவும் போனது, எழுத்தின் மேல் மணலைத் தூவிய மாதிரி ஒரு மினுமினுப்பு. புள்ளிக்காக வாங்கிவிட்டுப் புள்ளியை மறைப்பானேன் என்று இரண்டே நாளில் உரித்துவிட்டேன். இப்போது டேப்புக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று.

கையால் எழுதினால் தமிழ் எழுத்தாக மாற்றித் தருகிற வசதி கீபோர்டிலேயே இருக்கிறது. நன்றாகவே படிக்கிறது. என் 'ந'வை மட்டும் 'த' என்கிறது. என் தமிழ் டீச்சரும் அதைத்தான் சொன்னார்.

பிடிஎஃப்பில் தேடுவது பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல் என்றால் எந்த டேப் வாங்கினாலும் தேட முடியாது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் உருவத்தை மாட்டிவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு வரியை காப்பி செய்து வாட்ஸப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். பாமினியில் மெய்ப்புள்ளி இருப்பதே அரைப்புள்ளிச் சாவியில்தான். தமிழைத் தமிழாகவே பதிகிற யூனிகோடில் அடித்துத் தாருங்கள் என்று நானும் பல வருஷமாகச் சொல்கிறேன், இந்த டிசைன் எழுத்து அதில் இல்லைக்கா என்று பதில் வருகிறது.

விளம்பரத் தொல்லை ஒன்று. வாங்கும்போதே உள்ளே பத்துப் பன்னிரண்டு ஆப் உட்கார்ந்திருக்கிறது, சிலதை நீக்க முடிகிறது, சிலதை முடக்கத்தான் முடிகிறது. ஒரு ஷாப்பிங் ஆப் நான் சந்திராஷ்டமம் சரிபார்க்கும்போதெல்லாம் மேலிருந்து எட்டிப் பார்த்து வாஷிங் மெஷின் வேண்டுமா என்று கேட்கும். செட்டிங்ஸில் போய் ஒவ்வொன்றாக வாயை அடைக்க அரை மணி நேரம் ஆனது. என் காசில் வாங்கிய பொருளில் எவனோ கடை விரிக்கிறான்.

முன்கேமராவை நீளப் பக்கத்தின் நடுவில் வைத்திருக்கிறார்கள். மேஜையில் படுக்கைவாக்கில் நிறுத்தினால் வீடியோ காலுக்கு ரொம்பச் சரி. நிமிர்த்திப் பிடித்துப் பேசினால் நாம் பக்கவாட்டில் எதையோ பார்க்கிற மாதிரி போகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் நாத்தனார், ஏன் அண்ணி முகத்தைக் கொடுத்தே பேச மாட்டேங்கிறீங்க என்று கேட்டாள். கோபம் என்றே நினைத்துவிட்டாள் போல.

பழைய டேப்பை எக்ஸ்சேஞ்சில் 600 ரூபாய் என்றார்கள், கொடுக்கவில்லை. அத்தை அதில் சீரியல் பார்க்கிறார்கள். படத்தைத் திருட்டு நகல் எடுக்காமல் தடுக்கிற வைட்வைன் என்ற பூட்டில் அதற்கு எல்3 என்ற கீழ் மட்டம்தான் இருப்பதால் ஓடிடி ஆப்பில் படம் 480க்கு மேல் தெளிவாக வராது, புதியதில் எல்1 இருக்கிறது, இதிலே பாருங்க அத்தை, பளிச்சென்று இருக்கும் என்று ஒருநாள் கொடுத்தேன். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, வில்லி முகத்துல பரு எல்லாம் தெரியுதும்மா, எனக்கு அதே போதும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் மீனும் மலையும் நெளிகிற அந்த டெமோ வீடியோவைப் பார்த்து மயங்காமல், உங்கள் வேலைத் தாள் ஒன்றை பென் டிரைவில் கொண்டுபோய்த் திறந்து பாருங்கள், கொஞ்சம் டைப்-சி முனை உள்ளதாக எடுத்துப் போங்கள். நான் எமகண்டம் பக்கத்தைத் திறந்து மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தபோது கடைப் பையன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அக்கா இப்ப நல்ல நேரம்தான், பில் போடட்டுமா என்றான்.